ஒரே நாளில் யானையும் கோட்டையும்

"ஏம்மா, இன்னிக்கும் காந்திமதி வரலியா?"

நெல்லையப்பர் கோவிலுக்குள் நுழையும்போதெல்லாம் என் ஐந்து வயது மகள் இப்படிக் கேட்பாள். எனக்குத் தொண்டை அடைக்கும். எங்கள் கோவில் யானை காந்திமதி 2025 ஜனவரி 12ஆம் தேதி இறந்து போயிற்று. நெல்லைப் பெண்களுக்கு அது வெறும் யானையா என்ன? குழந்தை ராத்திரியில் வீறிட்டு அழுதால், "ஆனைக்கு அடியில நுழைச்சு எடுத்துட்டு வாட்டி, பயம் தெளிஞ்சிரும்" என்று பெரியவர்கள் அனுப்பி வைப்பார்கள். அதற்குக் கால்வலி வந்தபோது, 2022இல் பக்தர்கள் 12,000 ரூபாய் செலவில் தோல் செருப்பே தைத்துக் கொடுத்தார்கள்.

"புதுசா ஒரு ஆனை வாங்கி விட்டா என்ன அத்தை?" என்று மாமியாரிடம் ஆதங்கப்பட்டேன். கோவில்களுக்குப் புதிதாக யானை வாங்கக் கூடாது என்று 2023இலேயே உயர்நீதிமன்ற மதுரைக் கிளை சொல்லி விட்டதாகக் கணவர் விளக்கினார். எனக்கு அப்போது அது கொஞ்சம் கொடுமையாகத்தான் பட்டது.

அவர்தான் இந்தப் பயணத்துக்கு யோசனை சொன்னார். நம் பொதிகை மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில் கோட்டூர் என்ற ஊரில், 2006இல் தொடங்கிய யானைகள் மறுவாழ்வு மையம் இருக்கிறது. திரும்பும் வழியில் உதயகிரிக் கோட்டை.

"நம்ம மலையிலேயே ஆனை கிடக்கே, பாபநாசம் போனாப் போதாதா?" என்றார் அத்தை. கிடக்கிறதுதான். 2022இல் அகத்தியமலை யானைகள் காப்பகம் என்றே அரசு அறிவித்தது. கம்பத்தைக் கலக்கிய அரிக்கொம்பனையும் 2023 ஜூனில் களக்காடு முண்டந்துறைக் காட்டில்தான் கொண்டு வந்து விட்டார்கள். ஆனால் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு காட்டு யானையைத் தேடிப் போக முடியுமா?

பாளையங்கோட்டையை விட்டுக் காலை நாலரைக்கே கிளம்பினோம். மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி, புளிச்சாதம், ஒரு குடம் வெந்நீர் ஆற வைத்தது. (குடத்தைப் பார்த்துக் கணவர் சிரித்தார். மத்தியானம் அவரே இரண்டு செம்பு குடித்தார்!) ஆரல்வாய்மொழிக் காற்றைத் தாண்டி, நாகர்கோவில், மார்த்தாண்டம், பிறகு வலப்பக்கம் திரும்பி நெய்யாற்று அணை வழியாகக் கோட்டூர். ஒரே அகத்தியர் மலைதான். கிழக்கே இறங்கினால் தாமிரபரணி, மேற்கே இறங்கினால் நெய்யாறு.

நாங்கள் போனபோது குளியல் நடந்து கொண்டிருந்தது. நெய்யாற்று நீர்த்தேக்கத்தில் பெரிய யானைகள் பாறை போல ஒருக்களித்துப் படுத்துக்கொள்ள, பாகன்கள் தேய்த்துக் கொண்டிருந்தார்கள். என் மகளின் கண்ணெல்லாம் குட்டிகள் மேல்தான்.

"இதோட அம்மா எங்கே?"

காட்டில் தாயைப் பிரிந்து தவித்தவை, குழியில் விழுந்தவை என்று எடுத்து வந்து வளர்க்கிறார்கள். யானைக்கு நம்மைப் போலவே மார்பு முன்கால்களுக்கு நடுவில்தான் இருக்கிறது. குட்டி தும்பிக்கையைத் தூக்கி மேலே மடக்கிக்கொண்டு வாயால் பால் குடிக்கும். தும்பிக்கையால் உறிஞ்சவும் எடுக்கவும் பழக அதற்கு மாதக்கணக்காகும். தாயில்லாத குட்டிக்குப் புட்டிப்பால். கொஞ்சம் வளர்ந்ததும் கேப்பைக் கூழ். "நம்ம வீட்டுக் கேப்பையேதானா!" என்று அத்தைக்கு ஒரே சந்தோஷம். வீட்டில் கேப்பைக் கஞ்சி என்றாலே ஓடி ஒளிகிறவள் என் மகள்.

எத்தனை பார்த்துப் பார்த்து வளர்த்தாலும் தாய் தாய்தான். ஸ்ரீக்குட்டி என்றொரு குட்டிக்கு இங்கே கேக் வெட்டி முதல் பிறந்தநாள் கொண்டாடினார்களாம். 2021 ஜூனில், ஒன்றரை வயதில், யானைகளைத் தாக்கும் ஒருவகை ஹெர்பெஸ் வைரஸ் அதைக் கொண்டு போயிற்று. சில நாள்களிலேயே இன்னொரு குட்டியும் போனது. (மனிதருக்கு இது தொற்றாது, பயப்பட வேண்டாம்.) தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி குறைகிற வயதில்தான் இந்த நோய் குட்டிகளை அதிகம் பிடிக்கிறது. இதைக் கேட்டபோது என் கை தானாகவே மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தது.

கூட்டத்தோடு திரிய வேண்டிய ஒன்றைத் தனியாகக் கல்தூண் ஓரத்தில் நிறுத்தி, நம் குழந்தையின் பயத்தைத் தெளிய வைக்கச் சொன்னோமே என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அத்தையிடம் சொல்லவில்லை. அவரும் பேசாமல்தான் வந்தார்.

மூன்று மணி வாக்கில் புலியூர்க்குறிச்சி. மலை மேல் கோட்டை என்று நினைத்துப் போனால் ஏமாறுவீர்கள். இங்கே மலையைச் சுற்றித்தான் கோட்டை! ஒரு தனிக் குன்றை உள்ளே வைத்துக் கருங்கல் மதில் எழுப்பியிருக்கிறார்கள். பழைய கோட்டையைத் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா 18ஆம் நூற்றாண்டில் திருத்திக் கட்டினார். உள்ளே பீரங்கி வார்த்த உலையும் இருந்ததாம். இப்போது வனத்துறையின் பூங்கா, நிழலுக்குக் குறைவில்லை.

1741இல் குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுப் படைத்தலைவர் டி லனாய், பிறகு இதே மன்னரின் படைக்குப் பயிற்சி கொடுத்தார். 1777இல் இங்கேயே இறந்தார். கூரையில்லாத தேவாலயத்தில் அவர் கல்லறை. லத்தீனோடு தமிழிலும் எழுதியிருக்கிறது. அத்தை அதன் அருகில் உட்கார்ந்து காலை நீவிக்கொண்டே, "எந்தத் தாய் பெத்த பிள்ளையோ, எங்கன வந்து கிடக்கு பாரேன்" என்றார்.

மறக்காமல் ஒன்று: இரண்டு கிலோமீட்டரில் பத்மநாபபுரம் அரண்மனை. திங்களன்று விடுமுறை. யானை மையத்துக்கும் நாளும் நேரமும் விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள். எங்களுக்கு அரண்மனை பார்க்க நேரமில்லை. பிள்ளை தோளில் தூங்கி விட்டாள்.

மறுநாள் காலை கேப்பைக் கஞ்சியை அவள் முன்னால் வைத்தேன். வழக்கம் போல் ஓடவில்லை. ஒரு கையைத் தும்பிக்கை மாதிரி தலைக்கு மேல் தூக்கி வைத்துக்கொண்டு, டம்ளரில் வாயை வைத்தாள். பாதிக் கஞ்சி கவுனில்தான் போயிற்று.