உங்கள் கதையும் உங்கள் ஒப்புதலும்

தொண்டு நிறுவனங்கள் நன்கொடையாளர்களுக்கு அனுப்பும் இதழ்களில் நோயாளிகளின் கதைகள் இடம்பெறுவது வழக்கம். எண்களைக் காட்டிலும் ஒருவரின் வாழ்க்கை மனத்தைத் தொடும். கொடுத்த பணம் யாருக்குப் பயன்பட்டது என்பதையும் உணர்த்தும்.

1948 மே மாதம், அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் புற்றுநோய்ச் சிகிச்சை பெற்றுவந்த 12 வயதுச் சிறுவன் மருத்துவமனைப் படுக்கையிலிருந்தே வானொலியில் பேசினான். குழந்தைப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு அவ்வாண்டிலேயே 2 லட்சம் டாலருக்கு மேல் திரண்டது. அந்த ‘ஜிம்மி நிதி’ இன்றும் இயங்குகிறது. ஆனால், ஜிம்மி என்பது அவனது இயற்பெயர் அன்று. அந்தரங்கத்தைக் காக்கச் சூட்டிய பெயர். உண்மைப் பெயரை உலகம் அறிந்தது 1998இல்தான்.

உங்கள் கதையையோ படத்தையோ எவரேனும் கேட்டால், அது எங்கே, எதற்காக வெளியாகும் என்று வினவுங்கள். பெயரை மாற்றுமாறு கோரலாம். அச்சேறுமுன் படித்துப் பார்க்கவும் கேட்கலாம். குழந்தையின் கதையாயின், வளர்ந்தபின் அதை அக்குழந்தை விரும்புமா என்றும் எண்ணிப் பாருங்கள். அச்சேறியதைத் திரும்பப் பெறுதல் அரிது.

அடையாளம் வெளிப்படும் வகையில் நோயாளியின் படத்தையோ நோய் விவரத்தையோ அனுமதியின்றி மருத்துவர் வெளியிடலாகாது என்பது இந்திய மருத்துவ மன்றத்தின் 2002ஆம் ஆண்டு ஒழுக்க விதி. தயக்கமின்றி மறுக்கலாம், மறுப்பதால் சிகிச்சையில் எக்குறையும் நேரலாகாது.