கோணான்குப்பம் கற்றுத்தரும் பாடம்

கடலூர், சிதம்பரம் பகுதிகளில் துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ பிள்ளைகளை அனுப்பிவைத்த குடும்பங்கள் பல. பேரப்பிள்ளைகள் தொலைபேசியில் தமிழுக்குத் தடுமாறும்போது நமக்குள் ஒரு கவலை எழுகிறது: உலகத்தோடு கலந்தபின் நாம் நாமாகவே இருப்போமா?

இக்கேள்வி நம் கடற்கரைக்குப் புதிதல்ல. சிதம்பரத்தை அடுத்த பரங்கிப்பேட்டைக்கு அரேபியரும் போர்த்துக்கீசியரும் டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் வணிகம் செய்ய வந்தனர். கடலூர் தேவனாம்பட்டினம் கோட்டையை 1690ஆம் ஆண்டில் ஆங்கிலேயக் கம்பெனி மராட்டியரிடமிருந்து வாங்கியது. அக்காலத்தில் போர்த்துக்கீசியருக்குப் 'பரங்கி' என்று பெயர். திருமுழுக்குப் பெறுவது பரங்கியாக மாறுவது, அதாவது சொந்த உடையையும் உணவையும் உறவையும் விடுவது என்று மக்கள் எண்ணினர். 1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி அடிகளார், கிறிஸ்தவராவதற்கு யாரும் பரங்கியாக வேண்டியதில்லை என்று வாழ்ந்து காட்டினார்.

அவ்வழியில் வந்தவரே வீரமாமுனிவர். 1680இல் இத்தாலியில் பிறந்த இவர், நம் கடலூர் மாவட்டத்துக் கோணான்குப்பத்தில் அன்னை மரியாவுக்குக் கோவில் எழுப்பினார். தமிழ்ப் பெண்ணின் கோலத்தில் நிற்கும் அந்த அன்னையைப் 'பெரியநாயகி' என்று மக்கள் நாவில் பழகிய பெயராலேயே அழைத்தார். புனித யோசேப்பை 'வளன்' என்று பெயரிட்டு, 3615 பாடல்களில் தேம்பாவணி பாடினார். சதுரகராதி என்னும் அகராதியையும் தந்தார். அவர் தம் விசுவாசத்தைக் கைவிடவில்லை. நம் மொழியும் தன் இயல்பை இழக்கவில்லை. ஒன்று மற்றொன்றை வளப்படுத்தியது.

பெந்தக்கோஸ்து நாளில் நடந்ததும் இதுவே. தூய ஆவியார் எல்லாரையும் ஒரே மொழி பேசவைக்கவில்லை. பல நாட்டவரும் அவரவர் தாய்மொழியிலேயே நற்செய்தியைக் கேட்டனர். எனவே ஒற்றுமைக்கு விலையாக எவரும் தம் அடையாளத்தைக் கொடுக்க வேண்டியதில்லை.

அன்பார்ந்தவர்களே, இப்பாடத்திற்கு மறுபக்கமும் உண்டு. வெளிநாட்டில் நம் பிள்ளைகளின் மொழியும் வழிபாடும் மதிக்கப்பட வேண்டும் என்று விரும்புகிறோம். நெய்வேலிக்கும் கடலூர் சிப்காட்டுக்கும் வேலைக்கு வரும் ஒடிசா, ஜார்க்கண்ட் தொழிலாளர்களை நாம் எப்படி நடத்துகிறோம்? அவர்களில் சிலர் ஞாயிறு திருப்பலியில் கடைசி வரிசையில் நிற்கக்கூடும். 'வடக்கன்' என்று ஒரே சொல்லில் நாம் அவர்களை ஒதுக்கினால், அன்று 'பரங்கி' என்ற சொல் செய்ததையே இன்று நாம் செய்கிறோம்.

வீட்டில் பிள்ளைகளோடு தமிழில் செபிப்போம். கோவிலில் புதியவரின் பெயரைக் கேட்டறிந்து, நம் பக்கத்தில் அமரச் செய்வோம். முதலாவது செய்தால் நம் வேர் நிலைக்கும். இரண்டாவது செய்தால் நம் வீடு விரியும். இவ்விரண்டுக்கும் தேவையான மனதைத் தந்தருள, பெரியநாயகி அன்னையின் பரிந்துரை வழியாக இறைவனை மன்றாடுவோம்.