ஒரு வட்டமும் மூன்று கருவிகளும்: கணனி வரைவியற் கற்பித்தல் பற்றிய குறிப்பு

கணனி வரைவியலைக் கற்பிப்பது பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் எக்கருவி இலகுவானது என்ற வினாவோடு நின்றுவிடுகின்றன. ஒரு கருவி கற்பவர்க்கு எதனைப் புலப்படுத்துகின்றது, எதனை மறைக்கின்றது என்பதே அடிப்படை வினாவென நாம் கருதுகின்றோம். வட்டம் வரைதலை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை நோக்கலாம்.

1967 இல் அமெரிக்காவில் சீமோர் பப்பேற் முதலியோர் சிறுவர்க்கென 'லோகோ' என்னும் நிரல்மொழியை உருவாக்கினர். பின்னர் அதனோடு இணைக்கப்பட்ட 'ஆமை', கட்டளைப்படி நகர்ந்து கோடு வரையும். ஓரடி முன்னே சென்று ஒரு பாகை திரும்புமாறு 360 முறை பணித்தால் வட்டம் தோன்றும். முக்கோணம் வரைய முனையும் சிறுவர், உட்கோணமாகிய 60 பாகையைத் திரும்பும் அளவாகக் கொடுத்தால் கோடுகள் மூன்றும் மூடாது, அறுகோணத்தின் பாதியாக நிற்கும். ஆமையைப் போலத் தாமே நடந்து பார்க்கையில், திரும்பவேண்டியது புறக்கோணமாகிய 120 பாகை என்பதை உணர்வர். பிழை இங்கு அறிதலின் படியாகின்றது. உடலின் இயக்கமும் சிந்தனையும் ஒன்றிணைகின்றன.

2001 இல் கேசி ரீஸ், பென் ஃபிறை ஆகியோர் தொடங்கிய 'புறொசெசிங்', கலைஞர்க்கும் வடிவமைப்பாளர்க்கும் நிரலாக்கத்தின் வாயிலைத் திறந்தது. அதில் ஒரே கட்டளையில் வட்டம் கிடைக்கும். ஆயின், அது உருவாகும் முறை கட்டளைக்குள் மறைந்துவிடுகின்றது.

2013 இல் தோன்றிய 'ஷேடர்டோய்' தளத்திலோ கோடு வரையும் ஆமை இல்லை. வரைவியற் செயலி, திரையின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரே சிறு நிரலைச் சமாந்தரமாக இயக்குகின்றது. மையத்திலிருந்து புள்ளியின் தூரம் ஆரையிலும் குறைவாயின் ஒரு நிறம், அன்றேல் வேறொன்று. நிரலை மாற்றி உடனே விளைவைக் காணலாம். முன்னர் பாதையாயிருந்த வட்டம் இங்கு நிபந்தனையாகின்றது.

கண்ணுக்கு ஒன்றாகவே தோன்றும் இம்மூன்று வட்டங்களுக்கும் பின்னுள்ள அறிவு வேறுவேறானது. ஆயத்தமாகக் கிடைக்கும் கட்டளையுள் பிறர் உழைப்பு உறைந்துள்ளது. அதனை அறியாது பயன்படுத்துபவர், பண்டத்தை நுகர்பவரின் நிலையிலேயே இருக்கின்றார். எண்களை மாற்றி உருவங்கள் அசைவதைக் கண்டு களிப்பது மட்டும் கல்வியாகிவிடாது. புறொசெசிங்கின் மூலநிரல் எவரும் படித்துத் திருத்தத்தக்கதாகத் திறந்துள்ளது. ஆசிரியர் அவ்வாய்ப்பைப் பயன்படுத்தி, கட்டளை மறைப்பதை மாணவர் தாமே மீளக் கட்டியெழுப்பச் செய்தல் வேண்டும். அப்பொழுதே அவர்கள் கருவியைப் பயன்படுத்துவோர் என்ற நிலையினின்று அதனை ஆக்குவோராக உயர்வர்.