நீர் பொது, நிம்மதி யாருடையது?

ஆற்றங்கரையில் வீடு உள்ளவர் விடியற்காலையில் பறவைச் சத்தம் கேட்டுக் கண் விழித்தால் அது அவருக்குக் கிடைத்த கொடுப்பினை. துப்பாக்கிச் சத்தம் கேட்டு விழித்தால் அன்றைய பொழுதே கெட்டுவிடும். பறவை சுட வந்தவரைக் கேட்டால், “உரிமம் இருக்கிறது, நீர் எல்லாருக்கும் பொது” என்பார். கரையில் குடியிருப்பவர், “இது என் பிள்ளைகள் ஓடியாடும் இடம்” என்பார். இருவர் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருப்பதால்தான் இந்த வழக்கு எளிதில் தீர்வதில்லை.

பொழுதுபோக்குக்காக வாத்து சுடும் மேல்நாடுகளில் மட்டுமே இத்தகைய தகராறு எழும் என்று பலர் எண்ணுகின்றனர். ஆனால், இரு நூற்றாண்டுகளுக்கு முன்பே ஒரு தமிழ்ச் சிற்றூர் இதே வழக்கைச் சந்தித்தது. கையில் ஆயுதமும் அதிகாரமும் இருந்தவர்களுக்கு எதிராக நின்று வென்றும் காட்டியது. அவ்வூர் வேடந்தாங்கல்.

சிப்பாய் சுட்டான், ஊர் புறப்பட்டது

சென்னைக்குத் தெற்கே ஏறக்குறைய 80 கிலோமீட்டர் தொலைவில், செங்கல்பட்டு மாவட்டத்தில் உள்ளது வேடந்தாங்கல். தாங்கல் என்றால் சிறிய பாசன ஏரி. பெயரிலேயே வேடன் இருப்பதைக் கவனிக்கலாம். 18-ஆம் நூற்றாண்டில் அப்பகுதி நிலக்கிழார்கள் விரும்பி வந்து வேட்டையாடிய இடம் அது. பின்னர் கிழக்கிந்தியக் கம்பெனியின் படைவீரர்களும் துப்பாக்கியோடு வந்து, ஏரி மரங்களில் கூடு கட்டியிருந்த பறவைகளைச் சுட்டனர்.

ஊர் மக்கள் சும்மா இருக்கவில்லை. செங்கல்பட்டுக்குச் சென்று கலெக்டரிடம் முறையிட்டனர். 1798-இல் கலெக்டர் லயனல் பிளேஸ், அந்த ஏரிப் பறவைகளை யாரும் துன்புறுத்தக்கூடாது என்று ஊராருக்கு ‘கவுல்’ எழுதிக் கொடுத்தார் என்பது வரலாறு. கவுல் என்பது அரசு தன் குடிகளுக்கு எழுத்து மூலம் தரும் உறுதிமொழி. வெள்ளைக்கார அதிகாரி தம் சொந்தப் படையாட்களின் விளையாட்டுக்கு எதிராகக் குடியானவர்களுக்கு உறுதி கொடுத்தார் என்றால், அது சாதாரணச் செய்தி அல்ல.

அந்த மக்கள் பறவைகளுக்காக ஏன் இவ்வளவு தூரம் போனார்கள்? இரக்கம் ஒரு காரணமாக இருக்கலாம். அதைவிடப் பெரிய காரணம் வயிறு. ஆயிரக்கணக்கான நாரைகளும் நீர்க்காகங்களும் வக்காக்களும் ஏரி மரங்களில் தங்கும்போது அவற்றின் எச்சம் நீரில் விழுகிறது. அதில் பயிருக்கு வேண்டிய தழைச்சத்தும் மணிச்சத்தும் நிறைந்துள்ளன. அந்த நீரை வயலுக்குப் பாய்ச்சினால் தனியாக எரு போட வேண்டிய தேவை குறைகிறது. இரசாயன உரம் என்ற ஒன்றே இல்லாத காலத்தில் இது எவ்வளவு பெரிய செல்வம் என்பதை விவசாயி அறிவான். சிப்பாய் சுட்டு வீழ்த்திய ஒவ்வொரு பறவையும் அந்த ஊர்க் குடும்பங்களின் களத்து நெல்லில் குறைந்தது.

கலெக்டர் செவி சாய்த்ததற்கும் காரணம் தேட வேண்டியதில்லை. நில வரி வசூலிப்பது அவருடைய முதல் வேலை. விளைச்சல் பெருகினால் வரியும் ஒழுங்காக வரும். “சத்தம் பொறுக்கவில்லை” என்று மட்டும் ஊரார் சொல்லியிருந்தால் அந்த மனு எந்த மூலையில் கிடந்திருக்குமோ! பறவைகளால் விளைச்சல் பெருகுகிறது என்பதை, அதிகாரிக்கும் அக்கறை உள்ள ஒரு பேச்சாக அவர்களால் எடுத்துச் சொல்ல முடிந்தது.

ஒரு முறை வாங்கிய எழுத்து போதவில்லை என்பதையும் மறந்துவிடக்கூடாது. 60 ஆண்டுகள் கழித்து, 1858-இல் அந்த உரிமை மீண்டும் உறுதி செய்யப்பட்டது. 1936-இல் அரசு அதைச் சரணாலயமாக ஏற்றது. 1998-இல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரை பாதுகாப்பு எல்லை வரையறுக்கப்பட்டது. 2020-இல் அந்த எல்லையை 3 கிலோமீட்டராகச் சுருக்கும் முன்மொழிவு எழுந்தபோது பலத்த எதிர்ப்பும் கிளம்பியது. 2022-இல் ராம்சார் ஒப்பந்தத்தின் கீழ் அனைத்துலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில் வேடந்தாங்கல் இடம் பெற்றது. துப்பாக்கி போனாலும் வேறு ஆபத்து வேறு உருவில் வரவே செய்கிறது.

500 அடிக் கணக்கு

மேல்நாட்டில் இந்தச் சிக்கலை எப்படிக் கையாள்கிறார்கள்? அமெரிக்காவின் பல மாநிலங்களில் கரை வீட்டுக்காரருக்குச் சொந்தம், நீர் பொதுமக்களுக்குச் சொந்தம். வேட்டைக்காரர் படகில் வந்து நின்றால் அவரைப் போகச் சொல்ல வீட்டுக்காரருக்கு உரிமை கிடையாது. அதனால் சட்டம் தூரத்தைக் கொண்டு இருவரையும் பிரிக்கிறது. மேரிலாந்து மாநிலத்தில் குடியிருக்கும் வீட்டிலிருந்து 150 கெஜத்துக்குள் வேட்டைக்காகச் சுடக்கூடாது என்பது பொது விதி. நியூயார்க் மாநிலத்தில் அந்தத் தூரம் 500 அடி.

ஆனால், நியூயார்க் சட்டத்தில் ஒரு விலக்கு இருக்கிறது. நீரின் மேல் பறவை சுடுபவர், தாம் சுடும் திசையில் 500 அடிக்குள் வீடோ மனிதரோ இல்லையென்றால், வீட்டுக்கு அருகில் இருந்துகொண்டும் சுடலாம். கரையில் தூங்குபவருக்கு இது எப்படி இருக்கும்? சட்டப்படி எல்லாம் சரி. சன்னல் கண்ணாடி அதிர்வது மட்டும் நிற்காது.

தூரத்துக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? பறவை சுடும் தோட்டாவில் இருப்பது ஒற்றைக் குண்டு அல்ல. அதில் நூற்றுக்கும் மேற்பட்ட சிறு ரவைகள் இருக்கும். அவை விரிந்து பரவிச் செல்லும். சுமார் 40 மீட்டர் வரைதான் பறவையை வீழ்த்தும் வேகம் இருக்கும். வேகம் குறைந்த ரவைகளோ 200 மீட்டருக்கு அப்பாலும் போய் விழலாம். கூரையில் மழைத்துளி போல் ‘சடசட’ என்று கேட்பது அதுதான். தாழ்வாகச் சுட்டால் தண்ணீரில் பட்டுத் தெறித்துத் திசை மாறிப் போவதும் உண்டு. நீர்ப்பரப்பு வெட்டவெளி, எதிர்க்கரை கண்ணுக்கு எட்டிய தூரம்; ஆகவே அங்கே ஆபத்து இல்லை என்று நினைப்பது தவறு.

ரவையால் வேறு கேடும் இருந்தது. நீருக்கடியில் விழுந்த ஈய ரவைகளை வாத்துகள் சிறு கற்கள் என்று விழுங்கி நஞ்சேறி இறந்தன. அதனால் 1991 முதல் அமெரிக்கா முழுவதும் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈய ரவை தடை செய்யப்பட்டது.

வீட்டுக்காரர்களும் பொறுமை இழந்து ஒலிபெருக்கி வைப்பதும் தகரம் தட்டிப் பறவைகளை விரட்டுவதும் உண்டு. அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் சட்டப்படி வேட்டையாடுபவரை வேண்டுமென்றே தொல்லைப்படுத்துவது குற்றம். நியாயம் தம் பக்கம் இருந்தாலும் முறை தவறினால் வழக்கு தம் மேல் திரும்பிவிடும்.

மக்களை விட்டுவிட்டுப் போட்ட சட்டம்

“அப்படியானால் அரசே எல்லாவற்றையும் தடை செய்துவிடட்டும்” என்று சிலர் கூறலாம். அதற்கும் ஒரு பாடம் உண்டு. வட இந்தியாவின் பரத்பூர் ஈரநிலம் அரச குடும்பத்தின் வாத்து வேட்டைக்களமாக இருந்தது. 1938-இல் வைசிராய் லின்லித்கோ பிரபு கலந்துகொண்ட வேட்டையில் ஒரே நாளில் 4,273 பறவைகள் சுடப்பட்டன. பிற்காலத்தில் வேட்டை நின்றது. 1980-களின் தொடக்கத்தில் அவ்விடம் தேசியப் பூங்கா ஆனது.

ஆனால், அங்கே காலங்காலமாக எருமை மேய்த்த சுற்றுவட்டாரக் கிராமத்தாரைக் கலந்து பேசாமல் 1982-இல் மேய்ச்சலைத் தடுத்தனர். கலவரம் மூண்டது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் கிராமத்தார் உயிரிழந்தனர். பிறகு நடந்த ஆய்வில், எருமைகள் மேயாததால் புல் மண்டி நீர்ப்பரப்பை மூடியது தெரியவந்தது. பறவைகளுக்காகப் போட்ட தடை பறவைகளுக்கே கெடுதலாய் முடிந்தது. கரையில் வாழ்பவர்களுக்குப் பங்கில்லாத ஏற்பாடு நல்ல நோக்கத்தோடு வந்தாலும் நிலைப்பதில்லை.

நம் வட்டாரத்துக்கு என்ன பாடம்?

பீடோங் வட்டாரத்தை எடுத்துக்கொள்வோம். வடக்கே ஜெராய் மலை, மேற்கே மெர்போக் ஆறும் அதன் சதுப்புக்காடும், சுற்றிலும் பால்மரமும் செம்பனையும். தோட்டங்கள் இருந்த இடங்களில் தாமான்கள் எழுந்துள்ளன. முன்பு ஆளில்லாத தோட்ட வாய்க்காலாக இருந்த இடம் இப்போது யாரோ ஒருவர் வீட்டின் பின்புறம். அங்கே புதரில் ஓடும் கானாங்கோழியை, மலாய்க்காரர்கள் ‘ருவாக்-ருவாக்’ என்று அழைக்கும் பறவையை, விரும்பிப் பிடிப்பவர்கள் உண்டு. இறைச்சிக்காகப் பறவை பிடிப்பது பல குடும்பங்களில் பரம்பரைப் பழக்கமும்கூட. எனவே வேட்டைக்காரர் என்றவுடன் எல்லாரையும் குற்றவாளியாகப் பார்ப்பது முறையல்ல.

அதே வேளையில் சட்டம் தெளிவாக இருக்கிறது. 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பாதுகாக்கப்பட்ட விலங்கையோ பறவையையோ உரிமமின்றி வேட்டையாடுவது குற்றம். பால் நாரை போன்ற முழுப் பாதுகாப்பு பெற்ற பறவைகளை வேட்டையாடவே கூடாது. கண்ணி வைப்பதும் குற்றம். 2022-இல் திருத்தப்பட்ட பிறகு, கடுமையான குற்றங்களுக்கு அபராதம் 10 லட்சம் வெள்ளி வரையிலும் சிறை 15 ஆண்டு வரையிலும் உயர்த்தப்பட்டது. துப்பாக்கிக்கு 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் போலீசாரின் உரிமம் தனியாக வேண்டும். காற்றழுத்தத் துப்பாக்கியும் அதில் அடங்கும். ஒரு உரிமம் இருப்பதால் மற்றது தேவையில்லை என்று ஆகாது.

வேடந்தாங்கலை நினைவூட்டும் வேறொன்றும் இங்கே நடந்துவருகிறது. 2010-களில் கெடா, பெர்லிஸ் நெல்வயல்களுக்கு நத்தைகுத்தி நாரைகள் பெருங்கூட்டமாக வரத் தொடங்கின. நெற்பயிரை நாசம் செய்யும் தங்க நத்தையை அவை தின்கின்றன. வேடந்தாங்கல் மரங்களில் கூடு கட்டுவதும் இதே இனப் பறவைதான். அங்கே எருவாக உதவியது, இங்கே பூச்சிமருந்துச் செலவைக் குறைக்க உதவுகிறது. இவற்றைக் காக்க வேண்டும் என்று கேட்கும்போது கெடா விவசாயியும் அன்றைய வேடந்தாங்கல் விவசாயியைப் போல் தன் வயலைக் காட்டிப் பேச முடியும்.

வீட்டருகே துப்பாக்கிச் சத்தம் கேட்டால் செய்ய வேண்டியது என்ன? வேட்டைக்காரரிடம் நேரில் போய்ச் சண்டையிடக்கூடாது. அவர் கையில் இருப்பது ஆயுதம் என்பதை மறக்க வேண்டாம். நாள், நேரம், இடம், எந்தத் திசையில் சுட்டார் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். கூரையிலோ வாசலிலோ ரவை விழுந்தால் அதை எடுத்துப் பத்திரப்படுத்திப் போலீசில் புகார் கொடுக்க வேண்டும். பறவை பற்றிய புகார் என்றால் வனவிலங்குத் துறைக்கு (பெர்ஹிலித்தான்) எழுத வேண்டும். ஒருவராக எழுதுவதைவிடக் குடியிருப்பாளர் சங்கமாக எழுதினால் எடுபடும். புகாரின் நகலை வைத்துக்கொள்வதும் அவசியம். ஆறு மாதம் கழித்து அதிகாரி மாறியிருப்பார், நகல்தான் பேசும்.

நாமும் நம்மைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ள வேண்டும். சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், பறவைகள் மிரண்டுவிடும் என்பதற்காகப் பல ஆண்டுகளாகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. பிறர் துப்பாக்கியை இறக்கி வைக்கச் சொல்லும் தகுதி அத்தகையவர்களுக்கு இயல்பாகவே வந்துவிடுகிறது. பின்வாசல் வாய்க்காலில் குப்பையைக் கொட்டிவிட்டு, பறவை சுடுகிறான் என்று புகார் எழுதினால் அதில் வலு இருக்காது.

நீர் பொது என்பது உண்மைதான். பொதுவானது என்றால் யாரும் எதையும் செய்யலாம் என்று பொருளல்ல. அதன் கரையில் வாழ்பவர்கள் காரணத்தோடு பேசி, எழுத்தில் வாங்கி, அடுத்த தலைமுறையும் அதைப் புதுப்பிக்குமாறு பார்த்துக்கொண்டால்தான் அது பொதுவாகவே இருக்கும். கல்வியும் செல்வமும் இல்லாத ஓர் ஊர் 1798-இல் இதைச் செய்தது. இரண்டும் ஓரளவு கிடைத்துள்ள நமக்கு இது முடியாத காரியம் அல்ல.