நீரை இழுக்கும் சர்க்கரை உடம்புக்குள் என்ன செய்கிறது?

வீட்டில் தேன் நெல்லி போட்டவர்களுக்குத் தெரியும். ஆவியில் வேகவைத்துக் குத்திய நெல்லிக்காயைக் கெட்டியான சர்க்கரைப் பாகில் ஊறவிட்டால், மறுநாள் பாகு நீர்த்திருக்கும், காய் சுருங்கியிருக்கும். காயின் நீர் பாகுக்கு வந்துவிடும், பாகின் இனிப்பு காய்க்குள் போய்விடும். சிறுநீரகம் செயலிழந்தவர்கள் வீட்டிலேயே செய்துகொள்ளும் வயிற்று வழி டயாலிசிஸும் இப்படித்தான் இயங்குகிறது. நீர் எவ்வளவு வெளியே வந்தது என்று தினமும் அளந்து எழுதுகிறோம். உள்ளே போன இனிப்பின் கணக்கை யாரும் கேட்பதில்லை. கேட்டாக வேண்டிய கணக்கு அதுதான்.

பாகு ஊறும் விதம்

குடலின் மேலும் வயிற்றறையின் உட்சுவரிலும் படர்ந்திருக்கும் பெரிட்டோனியம் என்ற மெல்லிய சவ்வுதான் இங்கே நெல்லியின் தோல். வயிற்றில் பொருத்திய மென்குழாய் வழியே 2 லிட்டர் குளுக்கோஸ் கரைசலை உள்ளே விட்டு, 4 முதல் 6 மணி நேரம் தேக்குகிறார்கள். சவ்வின் ரத்தக் குழாய்களிலிருந்து யூரியா, கிரியாட்டினின் போன்ற கழிவுகள், மிகுதியான நீர் எல்லாம் கரைசலுக்கு வந்து சேரும். அதை வடித்துவிட்டுப் புதுப் பையை ஏற்றுவார்கள். பலருக்கும் ஒரு நாளைக்கு 4 பை.

கரைசல் மூன்று பதத்தில் வருகிறது: 1.5, 2.5, 4.25 சதவீதம். 2 லிட்டர் பையில் முறையே 30, 50, 85 கிராம் குளுக்கோஸ் இருக்கும். பாகு கெட்டியாக இருந்தால் நீர் அதிகம் வரும். இனிப்பும் அதிகம் ஏறும். தேக்கும் நேரத்துக்குள் பாதிக்கு மேற்பட்ட குளுக்கோஸ் ரத்தத்தில் கலந்துவிடுகிறது. மிக லேசான பையையே 4 முறை போட்டாலும், வாயில் ஒரு கவளம் வைக்காமலே சுமார் 250 கலோரி உடம்பில் சேர்ந்துவிடும்.

இனிப்பு ஏறியதும் எழும் ஹார்மோன்கள்

நெல்லிக்காய் இனிப்பை வாங்கிக்கொண்டு சும்மா இருக்கும். உடம்பு அப்படி இருக்காது. முதலில் கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. செலவாகாத சர்க்கரை கொழுப்பாகிறது, அதிலும் குடலைச் சுற்றி.

கொழுப்புத் திசு வெறும் சேமிப்பு இல்லை, அதுவும் ஹார்மோன் சுரக்கும் உறுப்பு என்பதை அழுத்தமாக உணர்த்தியது 1994-இல் கண்டறியப்பட்ட லெப்டின். ‘போதும், சாப்பிட்டது போதும்’ என்று மூளைக்குச் சொல்வது அதன் வேலை. கொழுப்பு கூடினால் லெப்டின் கூடும். அதை ரத்தத்திலிருந்து களைவதில் பெரும் பங்கு சிறுநீரகத்துக்கு உண்டு. அந்தச் சிறுநீரகமே ஓய்ந்துவிட்டதால் லெப்டின் தேங்குகிறது. ஏறிய சர்க்கரையும் வயிற்றில் நிற்கும் 2 லிட்டர் நீரும் சேர்ந்துகொள்ள, பசி மந்தமாகிறது. இரைப்பை சுரக்கும் கிரெலின் என்ற பசி ஹார்மோனும் சிறுநீரக நோயில் சீர்குலைகிறது. அதனால்தான் தொப்பை போட்டவரின் கையும் காலும் மெலிந்துபோவதைப் பார்க்கிறோம். கலோரி ஏறுகிறது, புரதம் ஏறவில்லை. போதாக்குறைக்கு, வடியும் நீரோடு நாள்தோறும் 5 முதல் 10 கிராம் புரதம் வெளியேறுகிறது.

அழற்சி மூளும் இடம்

பெருத்த கொழுப்புத் திசு இன்டர்லூகின்-6 போன்ற அழற்சிப் பொருள்களையும் விடுகிறது. அவை கல்லீரலை எட்டியதும் சி.ஆர்.பி. என்ற புரதம் பெருகும், ஆல்புமின் என்ற ரத்தப் புரதத்தின் உற்பத்தி குறையும். அழற்சி இன்சுலினின் பலனைக் குறைக்கும், தசையைக் கரைக்கும், தமனியைத் தடிக்க வைக்கும். ஊட்டக்குறைவு, அழற்சி, தமனித் தடிப்பு மூன்றும் ஒன்றையொன்று வளர்ப்பதால்தான் இவர்களுக்கு இதயத்தைப் பற்றிய கவலை அதிகம்.

பாகைக் காய்ச்சும்போது பதம் தவறினால் கருகிக் கசக்கும் அல்லவா? கரைசலைக் கிருமி நீக்கச் சூடாக்கும்போதும் குளுக்கோஸ் சிறிது சிதைகிறது. அந்தச் சிதைபொருள்கள் ஆண்டுக்கணக்கில் சவ்வை உறுத்தித் தடிக்கச் செய்கின்றன. இதைக் குறைக்கவே குளுக்கோஸைத் தனி அறையில் வைத்து, போடும் நேரத்தில் கலக்கும் இரட்டை அறைப் பைகள் வந்தன. கெட்டுப்போன பாகு கலங்குவதுபோல் வடிந்த நீர் கலங்கினால் அது தொற்றின் அறிகுறி. அச்செழுத்தின் மேல் பையை வைத்துப் பாருங்கள். எழுத்து தெளிவாகத் தெரியாவிட்டால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

கையில் இருப்பது என்ன?

உப்பைக் குறைத்தால் தாகம் குறையும். தாகம் குறைந்தால் குடிக்கும் நீர் குறையும், கெட்டிப் பையின் தேவையும் குறையும். ஊறுகாய், அப்பளம், கருவாட்டைத் தள்ளி வைப்பது ரத்த அழுத்தத்துக்கு மட்டுமல்ல, உள்ளே ஏறும் சர்க்கரைக்கும் கடிவாளம்.

டயாலிசிஸுக்கு முன்பு பருப்பையும் முட்டையையும் குறைக்கச் சொல்லியிருப்பார்கள். இப்போது கணக்கு மாறிவிட்டது. உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் வேண்டும். முட்டையின் வெள்ளைக்கரு நல்ல வழி. அளவை உணவு ஆலோசகரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நீண்ட நேரம் தேக்கும் பைக்குக் குளுக்கோஸுக்குப் பதிலாக, மாவுச்சத்திலிருந்து செய்யும் ஐகோடெக்ஸ்ட்ரின் கரைசலும் உண்டு. பெரிய மூலக்கூறு என்பதால் மெதுவாகவே உள்ளே போகும். ஆனால் அதைப் பயன்படுத்தும்போது சில குளுக்கோமீட்டர்கள் சர்க்கரையைக் கூட்டிக் காட்டும். உங்கள் மீட்டர் ஏற்றதா என்று கேட்காமல் இன்சுலின் அளவை மாற்றாதீர்கள்.

தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இந்த டயாலிசிஸ் பைகள் வீட்டுக்கே வருகின்றன. பை வீட்டுக்கு வந்தால் போதாது, கேள்விகள் மருத்துவமனைக்குப் போக வேண்டும். அடுத்த முறை பரிசோதனைக்குப் போகும்போது கிரியாட்டினினோடு நிறுத்தாமல் ஆல்புமின் எவ்வளவு, சி.ஆர்.பி. எவ்வளவு, கெட்டிப் பையைக் குறைக்க முடியுமா என்ற மூன்றையும் கேளுங்கள்.