ஹெட்போன் ஆம்ப்ளிபயர்: வீட்டிலேயே செய்யலாம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் வாரத்தில் செய்யும் வேலை பாட்டுக் கேட்பதுதான். நானும் அப்படித்தான். ஆனால் வேலம்பாளையத்தில் எங்கள் வீட்டுப் பின்சுவரை ஒட்டி ஒரு நிட்டிங் யூனிட் இருக்கிறது. ஞாயிறு தவிர மற்ற நாட்களில் காலை முதல் இரவு வரை மெஷின் சத்தம் ஓயாது. ஸ்பீக்கரில் போட்டால் பாட்டு பாதி, மெஷின் பாதி. அத்தை மகன் கொடுத்த பெரிய ஹெட்போனை மாட்டிப் பார்த்தேன். வால்யூமை 100ல் வைத்தும் சத்தம் போதவில்லை. கம்ப்யூட்டரில்தான் கோளாறு என்று நினைத்தேன். உண்மையில் கோளாறு எதுவும் இல்லை.

காரணம் என்ன?

ஹெட்போனின் பெட்டியில் 'ஓம்' என்று ஓர் எண் போட்டிருப்பார்கள். மின்சாரத்தை அது எவ்வளவு தடுக்கும் என்பதற்கான அளவு இது. கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் இயர்போன்கள் 16 அல்லது 32 ஓம். என்னிடம் இருந்தது ஸ்டுடியோவில் பயன்படுத்தும் 250 ஓம் ஹெட்போன். கம்ப்யூட்டரின் ஹெட்போன் துளையில் 1 வோல்ட் கிடைக்கிறது என்று வைத்துக் கொள்வோம். 32 ஓம் இயர்போனுக்கு அதிலிருந்து சுமார் 31 மில்லிவாட் கிடைக்கும். 250 ஓம் என்றால் 4 மில்லிவாட்தான். வோல்டேஜை இரு மடங்காக்கினால் பவர் நான்கு மடங்காகும். இந்த வேலையைச் செய்வதுதான் ஹெட்போன் ஆம்ப்ளிபயர்.

உங்களிடம் இருப்பது 32 ஓம் இயர்போன் என்றால் பெரும்பாலும் இது தேவைப்படாது. முதலில் அந்த எண்ணைப் பாருங்கள்.

என்னென்ன வேண்டும்?

நான் செய்தது 'சிமாய்' என்ற சர்க்யூட். அமெரிக்காவைச் சேர்ந்த சூ மாய் என்பவர் 1990களின் இறுதியில் இதை வெளியிட்டார். மிட்டாய் டப்பாவுக்குள் அடங்கிவிடும் என்பதால் உலகம் முழுவதும் பலர் முதன்முதலில் செய்து பார்த்த ஆம்ப்ளிபயர் இதுதான். நான் சோப்பு டப்பாவில் அடக்கினேன்.

* எட்டுக் கால் ஐ.சி. ஒன்று (ஓ.பி.ஏ. 2134), அதற்கு ஒரு சாக்கெட்
* 9 வோல்ட் பேட்டரி, ஸ்விட்ச்
* 220 மைக்ரோபாரட் கெபாசிட்டர் 2
* 0.1 மைக்ரோபாரட் கெபாசிட்டர் 2
* ரெசிஸ்டர்கள்: 4.7 கிலோ ஓம் 4, 10 கிலோ ஓம் 2, 100 கிலோ ஓம் 2
* 10 கிலோ ஓம் இரட்டை வால்யூம் கண்ட்ரோல்
* ஸ்டீரியோ ஜாக் 2, வெரோ போர்டு

ரெசிஸ்டரும் கெபாசிட்டரும் ரேடியோ, டிவி பழுது பார்க்கும் பாகங்கள் விற்கும் கடைகளில் கிடைக்கும். ஐ.சி.யை மட்டும் கோவையில் வாங்கி வந்தேன். சென்னை வாசகர்களுக்கு ரிச்சி தெரு இருக்கிறது.

எப்படி இணைப்பது?

முதலில் பேட்டரியை இரண்டாகப் பிரிக்க வேண்டும். இரண்டு 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர்களை அடுத்தடுத்து பேட்டரியின் இரு முனைகளுக்கும் இடையே இணையுங்கள். ஒவ்வொன்றுக்கும் இணையாக ஒரு 220 மைக்ரோபாரட் கெபாசிட்டர். நடுவில் இரண்டும் சேரும் இடம்தான் நமக்கு 'கிரவுண்டு'. இரண்டு ஜாக்குகளின் கிரவுண்டு முனையும் இங்குதான் வர வேண்டும். பேட்டரியின் மைனஸைக் கிரவுண்டு என்று எண்ணி இணைத்துவிடாதீர்கள். புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு இது.

ஐ.சி.யின் 8ஆம் காலுக்கு பேட்டரி பிளஸ், 4ஆம் காலுக்கு மைனஸ். இடது சேனலுக்கு 1, 2, 3 ஆகிய கால்கள். வால்யூம் கண்ட்ரோலின் நடுமுனையிலிருந்து 0.1 மைக்ரோபாரட் வழியாக 3ஆம் காலுக்குச் செல்லுங்கள். அதே காலிலிருந்து 100 கிலோ ஓம் கிரவுண்டுக்கு. 1க்கும் 2க்கும் இடையே 10 கிலோ ஓம். 2லிருந்து கிரவுண்டுக்கு 4.7 கிலோ ஓம். 1ஆம் கால் ஹெட்போனுக்குப் போகும். வலது சேனலும் இதேபோலத்தான்; 1, 2, 3க்குப் பதிலாக 7, 6, 5. உள்ளே வருவதை இது சுமார் 3 மடங்கு பெருக்கும்.

மாட்டும் முன் சோதியுங்கள்

ஹெட்போனை உடனே செருகிவிடாதீர்கள். மல்டிமீட்டரை டி.சி. வோல்ட்டில் வையுங்கள். கிரவுண்டிலிருந்து பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் தலா 4.5 வோல்ட் அளவில் காட்ட வேண்டும். அடுத்து 1, 7 ஆகிய கால்களைக் கிரவுண்டுடன் அளந்து பாருங்கள். 20 மில்லிவோல்ட்டுக்குள் இருப்பது நல்லது. அதற்கு மேல் போனால் ஹெட்போன் சுருளில் தேவையில்லாத மின்சாரம் ஓடிக் கொண்டே இருக்கும்.

நான் முதலில் விலை குறைவு என்று 5532 ஐ.சி.யைப் போட்டேன். மீட்டரில் 50 மில்லிவோல்ட் காட்டியது. அந்த ஐ.சி. தன் உள்ளீட்டுக் கால்களில் சிறிதளவு மின்சாரத்தை இழுக்கும். அது 100 கிலோ ஓம் வழியாக வரும்போது வோல்டேஜாக மாறி, 3 மடங்காகப் பெருகி வெளியே வந்துவிடுகிறது. 2134 இழுப்பது மிக மிகக் குறைவு. அதை மாற்றியதும் 2 மில்லிவோல்ட்டாக இறங்கியது. சாக்கெட் போட்டிருந்ததால் சால்டரிங்கைக் கலைக்கும் வேலை மிச்சம். சோதனை முடிந்த பிறகும் முதலில் ஒரு பழைய இயர்போனில் கேட்டுப் பாருங்கள்.

பேட்டரிச் செலவை மிச்சப்படுத்த அதே கம்ப்யூட்டரின் யு.எஸ்.பி.யிலிருந்து மின்சாரம் எடுக்கலாமே என்று தோன்றும். வேண்டாம். பாட்டு வரும் வயரின் கிரவுண்டும் யு.எஸ்.பி.யின் மைனஸும் கம்ப்யூட்டருக்குள் ஒன்றுதான். நாம் பாடுபட்டுப் பிரித்த இரண்டு பாதிகளில் ஒன்று காணாமல் போய்விடும், கரகரப்புதான் மிஞ்சும்.

காது முக்கியம்

வேலை முடிந்த அன்று மெஷின் சத்தத்தை மிஞ்சும்படி வால்யூமைத் திருப்பி மூன்று மணி நேரம் கேட்டேன். அபாரமாக இருந்தது. இரவு படுத்தபோது இரண்டு காதிலும் 'ஙொய்' என்று ஒரே ரீங்காரம். விடிந்ததும் சரியாகிவிட்டது. ஆனால் அது காது கொடுத்த எச்சரிக்கை. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு, வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகக் குறையும். 90 டெசிபல் என்றால் வாரம் முழுவதற்கும் 4 மணி நேரம்தான். உட்செவியின் நுண்ணிய செல்கள் அழிந்துவிட்டால் மீண்டும் வளர்வதில்லை.

ஆம்ப்ளிபயர் நம் ஹெட்போனுக்காகத்தான். பக்கத்து மெஷினோடு போட்டி போட அல்ல. எனவே நான் ஒரு வழி செய்தேன். மெஷின் ஓடாத ஞாயிற்றுக்கிழமை இரவில் பாட்டுப் போட்டு, இதமாகக் கேட்கும் இடத்தில் வால்யூம் குமிழில் நெயில் பாலிஷால் ஒரு புள்ளி வைத்தேன். கம்ப்யூட்டர் வால்யூமையும் அன்று இருந்த அளவிலேயே விட்டுவிட்டேன். மற்ற நாட்களிலும் அந்தப் புள்ளியைத் தாண்டுவதில்லை. மெஷின் சத்தம் அதிகமாக இருந்தால் ஜன்னலைச் சாத்துகிறேன். அப்போதும் முடியாவிட்டால் பாட்டை நிறுத்திவிடுகிறேன். நீங்களும் செய்து முடித்தவுடன் முதல் வேலையாக அந்தப் புள்ளியை வைத்துவிடுங்கள்.