பொம்மை பிழைத்த பிறகு

மாணிக்கக்கல் குழியொன்றின் பக்கச்சுவர் சரிந்து, அடியில் அகப்பட்ட ஒருவரை இரத்தினபுரி போதனா வைத்தியசாலைக்குத் தூக்கி வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நெஞ்சில் பலத்த அடி. மூச்சு இழுக்கிறது, இரத்த அழுத்தம் 70க்கு விழுந்துவிட்டது. சத்திரசிகிச்சை பயிலும் இளம் வைத்தியர் ஒருவர் சலைன் ஏற்றச் சொல்கிறார், எக்ஸ்ரே கேட்கிறார். படம் வரத் தாமதமாகிறது, அழுத்தம் இன்னும் இறங்குகிறது. அப்போதுதான் அவருக்குப் பொறி தட்டுகிறது. ஒரு தடித்த ஊசியை எடுத்து நெஞ்சில் குத்துகிறார், காற்று சீறிக்கொண்டு வெளியேறுகிறது, மொனிட்டரில் எண்கள் ஏறுகின்றன. நோயாளி பிழைத்துக்கொண்டார்.

நோயாளி என்பது ஒரு பொம்மை. இது பயிற்சிக்காகப் போடும் ஒத்திகை. எல்லோரும் கையுறையைக் கழற்றிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டால், அவர்கள் கற்றுக்கொண்டது ஏறக்குறைய ஒன்றுமில்லை. மிகையாகச் சொல்வதாகத் தோன்றலாம். ஆனால் இதை அளந்து பார்த்திருக்கிறார்கள்.

டொரன்டோவில் மயக்கமருந்துத் துறைப் பயிலுநர்கள் 42 பேரை மூன்று குழுவாகப் பிரித்து ஓர் ஆய்வு நடந்தது. முடிவுகள் 2006இல் வெளிவந்தன. எல்லோரும் பொம்மை நோயாளியோடு ஒரு நெருக்கடியைச் சமாளித்தார்கள். ஒரு குழுவோடு ஆசிரியர் அமர்ந்து நடந்ததைப் பேசினார். இன்னொரு குழுவுக்குப் பேச்சோடு வீடியோவும் காட்டினார். மூன்றாம் குழுவோடு யாரும் எதுவும் பேசவில்லை. பிறகு எல்லோருக்கும் இரண்டாவது நெருக்கடி. முடிவெடுத்தல், சூழ்நிலையைக் கவனித்தல், குழுவாக இயங்குதல் போன்றவற்றுக்குப் புள்ளி போட்டபோது, பேசப்பட்ட இரு குழுக்களும் முன்னேறியிருந்தன. பேசப்படாத குழு இருந்த இடத்திலேயே இருந்தது. எனக்கு இதைவிடச் சுவையாகப்பட்ட முடிவு வேறொன்று: வீடியோ பார்த்தவர்கள், வெறுமனே பேசியவர்களைவிட ஒரு படியும் மேலே போகவில்லை. கெமராவுக்குக் காசு தேடும் வைத்தியசாலைகள் கவனிக்க வேண்டிய செய்தி இது.

அப்படியானால் அந்தப் பேச்சில் என்னதான் நடக்கிறது?

நம் குழி விபத்துக்கே திரும்புவோம். நுரையீரல் கிழிந்தால் காற்று கசிந்து நெஞ்சுக்கூட்டுக்குள் நிறைகிறது. உள்ளே போகிற காற்றுக்கு வெளியே வர வழியில்லை. மூச்சுக்கு மூச்சு அழுத்தம் கூடி, இதயத்துக்குத் திரும்பும் பெரிய நாளங்களை நெருக்குகிறது. இரத்தம் திரும்பாவிட்டால் இதயம் எதை வெளியே தள்ளும்? சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடலாம். அதனால்தான் இங்கே எக்ஸ்ரேக்குக் காத்திருக்கக் கூடாது என்று பாடப்புத்தகங்கள் அடித்துச் சொல்கின்றன. பழைய முறையில் ஆசிரியர் கேட்பது, "ஏன் உடனே ஊசி போடவில்லை? இதுகூடத் தெரியாதா?" மாணவர் தலை குனிவார். அடுத்த முறை இதே பொம்மை வந்தால் ஊசி போட்டுவிடுவார். வேறு பொம்மை வந்தால் வேறு தவறு செய்வார்.

இன்னொரு வகை ஆசிரியர் உண்டு. மனம் நோகக்கூடாதென்று, "வேறு என்ன செய்திருக்கலாம் என்று நினைக்கிறீர்கள்?" என்று இனிமையாகக் கேட்பார். விடையைக் கைக்குள் மறைத்து வைத்துக்கொண்டு கேட்கிறார் என்பது மாணவருக்குத் தெரியாதா? பொஸ்டனில் ஜெனி ருடோல்ஃபும் சக ஆய்வாளர்களும் 2006இல் எழுதிய கட்டுரை இந்த இனிப்புப் பூச்சைத்தான் சுரண்டிப் பார்த்தது. ஆசிரியர் தன் அபிப்பிராயத்தை மறைக்க வேண்டாம், வெளிப்படையாகச் சொல்லட்டும் என்றார்கள் அவர்கள். ஆனால் சொன்ன கையோடு, மாணவர் என்ன நினைத்தார் என்பதை உண்மையிலேயே தெரிந்துகொள்ளும் ஆவலோடு கேட்க வேண்டும். அந்த முறைப்படி போனால் பேச்சு இப்படி இருக்கும்:

"பிரஷர் 70க்கு இறங்கினதைப் பார்த்தேன். நீங்கள் எக்ஸ்ரே கேட்டீர்கள். படம் வரும்வரை ஆள் தாங்கமாட்டாரே என்று எனக்குப் பயமாக இருந்தது. அந்த நேரம் உங்கள் மனதில் என்ன ஓடியது?"

"வயிற்றுக்குள் இரத்தம் போகிறது என்று நினைத்தேன் சேர். மண் சரிந்து விழுந்தால் ஈரல், மண்ணீரல் உடையும். அதனால்தான் பிரஷர் விழுகிறது என்று…"

மடத்தனமான எண்ணமா இது? இல்லவே இல்லை. இரத்தம் போனாலும் அழுத்தம் விழும். இரண்டையும் பிரித்துக்காட்டுவது கழுத்து நாளம். இரத்தம் இழந்தவருக்கு அது பெரும்பாலும் தட்டையாகக் கிடக்கும், நெஞ்சில் காற்று அடைத்தவருக்குப் புடைத்து நிற்கும். பக்கத்தில் நின்ற தாதியிடம் அதே கேள்வியைக் கேட்டால் அவர் சொல்வார்: "கழுத்து நாளம் புடைத்திருந்ததை நான் கண்டேன். டொக்டரும் கண்டிருப்பார் என்று நினைத்துச் சும்மா இருந்துவிட்டேன்."

ஒரே அறையில், ஒரே கட்டிலைச் சுற்றி, இரண்டு எண்ணங்கள் ஒன்றையொன்று தெரியாமல் நின்றிருக்கின்றன. எந்தக் கெமராவிலும் இது விழாது. ஊசியை எங்கே குத்துவது என்பதை ஐந்து நிமிடத்தில் சொல்லிக் கொடுத்துவிடலாம் (பெரியவர்களுக்கு அக்குளுக்குக் கீழே 4ஆம் அல்லது 5ஆம் விலா இடைவெளி என்று ஏ.டி.எல்.எஸ். என்ற விபத்துச் சிகிச்சைக் கையேட்டின் 2018இல் வந்த பத்தாம் பதிப்பு மாற்றியிருக்கிறது). மீதி நேரமெல்லாம் இந்த எண்ணங்களை வெளியே எடுப்பதற்குத்தான். ஒத்திகை கால் மணி நேரம் என்றால் பேச்சு அரை மணி நேரம், சில வேளை அதற்கும் மேல். அதையும் சூட்டோடு சூடாகச் செய்துவிட வேண்டும். ஆறின கஞ்சி பழங்கஞ்சி. மறுநாள் கேட்டால் மனது தனக்குச் சாதகமான ஒரு கதையைத் தயாரித்து வைத்திருக்கும்.

இந்தப் பழக்கம் வைத்தியத்தில் பிறந்ததில்லை. இரண்டாம் உலகப்போரில், 1943இல் மேக்கின் தீவில், எஸ்.எல்.ஏ. மார்ஷல் என்ற அமெரிக்க இராணுவ வரலாற்றாசிரியர் சண்டை முடிந்த கையோடு சிப்பாய்களைக் கூட்டமாக உட்காரவைத்து நடந்ததை ஆளுக்காள் சொல்லச் சொன்னார். பிற்காலத்தில் அவர் வெளியிட்ட சில புள்ளிவிவரங்களை வரலாற்றாளர்கள் நம்புவதில்லை, அது வேறு கதை. உட்காரவைத்துக் கேட்கும் முறை மட்டும் நிலைத்தது. பிறகு விமானிகள் தமக்கென்று ஒரு வடிவம் கண்டார்கள். அவர்களிடமிருந்து அதைச் சத்திரசிகிச்சைக் கூடத்துக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் ஸ்டான்ஃபோர்டின் மயக்கமருந்து நிபுணர் டேவிட் காபா. இராணுவம், விமானம், வைத்தியம் என்று பல துறை ஆய்வுகளைச் சேர்த்து 2013இல் கணக்கிட்டபோது, ஒழுங்காகப் பேசிப் பார்க்கும் குழுக்களின் செயல்திறன் மற்றவர்களைவிட 20 முதல் 25 சதவீதம் கூடுதலாக இருந்தது.

இலங்கைக்கு இது புதிதென்று நினைக்க வேண்டாம். இங்கே ஒரு தாய் பிரசவத்தில் இறந்தால், அந்த மரணத்தை வைத்தியசாலையிலும் ஊரிலும் விசாரித்து, சம்பந்தப்பட்டவர்களைக் கூட்டி, எந்த இடத்தில் சறுக்கியது என்று ஒவ்வொன்றாகப் பேசும் முறை பல தசாப்தங்களாக நடக்கிறது. 1930களில் ஒரு இலட்சம் பிரசவங்களுக்கு 2,000க்கு மேல் இருந்த தாய் இறப்பு, 2010களில் முப்பது நாற்பதுக்கு வந்தது. பேச்சு மட்டுமே இதைச் சாதித்தது என்று யாரும் சொல்லமாட்டார்கள். மருத்துவிச்சிகள், தெருக்கள், எழுத்தறிவு, மருந்துகள் எல்லாம் சேர்ந்த கணக்கு இது. என்றாலும் அந்தப் பேச்சு தொடங்க ஓர் உயிர் போக வேண்டியிருக்கிறது. பொம்மையின் மகிமை இங்கேதான். அதே பேச்சை யாரும் சாகாமலே பேசலாம்.

பொம்மைக்கும் பெரிய விலை கொடுக்க வேண்டுமென்பதில்லை. சுஸ்ருத சம்ஹிதை, கத்தி பிடிக்கப் பூசணியையும் வெள்ளரியையும், உள்ளிருப்பதை வெளியே எடுத்துப் பழகப் பலாப்பழத்தையும், கட்டுப்போடத் துணிப் பொம்மையையும் எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. சப்ரகமுவையில் பலாவுக்கா பஞ்சம்! விலை கூடியது வேறொன்று. "எனக்குத் தெரியவில்லை சேர்" என்று சொல்லும் துணிவும், அதைக் கேட்டு முகம் சுளிக்காத சேரும். நம் வார்டுகளில் படிநிலை கடுமையானது. தாதி கண்டதைச் சொல்லாமல் விட்டதற்கு அவருடைய சோம்பல் காரணமில்லை. ஹார்வர்டில் ஏமி எட்மண்ட்சன் 1990களில் வைத்தியசாலைப் பிரிவுகளை ஆராய்ந்தபோது, நல்ல குழுக்களில்தான் மருந்துத் தவறுகள் அதிகமாகப் பதிவாகியிருந்ததைக் கண்டு திகைத்தார். தவறு கூடியிருந்ததால் வந்த எண்ணிக்கை இல்லை அது. அங்கே இருந்தவர்கள் பயமில்லாமல் வாய் திறந்திருந்தார்கள்.

சப்ரகமுவ பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடம் இரத்தினபுரியில் இருக்கிறது. அதன் மாணவர்கள் பழகுவது மேலே சொன்ன போதனா வைத்தியசாலையில். அங்கே எழுதுவது ஆங்கிலம், வார்டில் புழங்குவது சிங்களம். இறக்குவானைப் பக்கத்துத் தோட்ட லயத்திலிருந்து வரும் அம்மாவுக்கோ தமிழ் மட்டும்தான். ஆகவே இங்கே நடக்கும் ஒத்திகைகளில் பொம்மைக்குக் குரல் கொடுப்பவர் தமிழில் பேச வேண்டும் என்பேன். "நெஞ்சு அடைக்குதுங்கய்யா" என்பது மயக்கமா, வலியா, மூச்சுத்திணறலா என்று வைத்தியர் தடுமாறட்டும். பெரும்பாலும் அந்த நேரத்தில் யாராவது ஒரு சிற்றூழியரைக் கூப்பிட்டு மொழிபெயர்க்கச் சொல்வார்கள். ஒத்திகை முடிந்து நாற்காலிகளை வட்டமாகப் போடும்போது அவருக்கும் ஒன்று போட வேண்டும். நோயாளி சொன்னதில் எதைச் சுருக்கினீர்கள், எதை முக்கியமில்லையென்று விட்டீர்கள் என்று அவரிடம் கேட்க வேண்டும். வைத்தியர் எடுத்த முடிவின் பாதி அந்தச் சுருக்கத்தில் இருந்திருக்கலாம்.